“பால் இல்லை” என்று சொல்வதற்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. படித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரிசல் பக்கத்திலேயே குழந்தை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். செயலாளர் போனில் கூப்பிட்டு, “அக்கா, இந்தத் தடவை நீங்க பேசணும்” என்றார். தாய்ப்பால் கொடுக்கும்போது வருகிற உடம்புத் தொந்தரவுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஆம்பிளைங்களும் நிறைய வருவாங்களே அக்கா” என்றார். “அதனாலதான் தம்பி பேசணும்கிறேன்” என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை வீரிட்டு அழுகிறது. பெற்றவள் வலியில் அழுகிறாள். மாமியார் “பால் இல்லை” என்கிறார். அப்போது சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் பவுடர் டப்பா வாங்க ஓடுவது யார்? நீங்கள்தானே! அந்த ஓட்டம் பாதிக்கு மேல் தேவையில்லாத ஓட்டம் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நம் ஊரில் எதற்குத்தான் சொல் இல்லை? மேகத்துக்கு ஒரு சொல், மண்ணின் பதத்துக்கு ஒரு சொல். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்த வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தார். அப்படிப்பட்ட ஊரில், மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் அதை வாய்விட்டுச் சொல்லப் பெண்களுக்கு இன்னும் கூச்சம். சொன்னாலும் “பொறுத்துக்கோ தாயி, எல்லாருக்கும் அப்படித்தான்” என்ற பதில்தான் கிடைக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பால் கொடுக்கும்போது வருகிற வலியைப் பொறுத்துக்கொள்வது தாய்மையின் இலக்கணம் அல்ல. வலி ஒரு செய்தி. ஏதோ ஒன்று சரியில்லை, பார் என்று உடம்பு சொல்கிறது. பார்த்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பார்க்காமல் விட்டால் நாலைந்து நாளில் “இவளுக்குப் பால் இல்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுவோம்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் ஏறத்தாழ ஐம்பத்தைந்து. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டோம், மார்பு வரைக்கும் பிள்ளை வந்து சேரவில்லை.

முதலில் பால் எப்படி ஊறுகிறது என்று தெரிந்துகொள்வோம். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்கள் நாம். இறைக்க இறைக்க ஊறும். விட்டுவிட்டால் தூர்ந்து போகும். மார்பும் அப்படித்தான். பிள்ளை சப்பச் சப்ப மூளையிலிருந்து இரண்டு சுரப்புநீர்கள் வருகின்றன. ஒன்று பாலை ஊறவைக்கிறது, இன்னொன்று பாலை வெளியே தள்ளுகிறது. பால் எடுபடாமல் மார்பிலேயே தேங்கினால் “இனித் தேவையில்லை” என்று உற்பத்தி குறைந்துவிடும். வலிக்குப் பயந்து பிள்ளையைத் தள்ளி வைத்தால் பால் குறையும். பால் குறைந்தால் டப்பா வரும். டப்பாவில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. இன்னும் குறையும். இந்தச் செக்குச் சுற்றை எங்கே நிறுத்துவது? வலி ஆரம்பிக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

முதல் தொந்தரவு, காம்பு வலியும் வெடிப்பும். பிரசவமாகி ஆறாம் நாள் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். கூட வந்த ஆச்சி, “டாக்டரம்மா, இவளுக்குப் பாலே ஊறலை. எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லை” என்றார். பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். “இப்ப பால் குடும்மா, பாக்கேன்” என்றேன். பிள்ளை வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. கழுத்தை மட்டும் திருப்பி, காம்பின் நுனியை மாத்திரம் பிடித்துச் சவைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். காம்பின் இரண்டு பக்கமும் வெடிப்பு. “ஆச்சி, பிள்ளையை ஒரு நிமிசம் வாங்குங்க” என்று சொல்லி, அவளை நன்றாகச் சாய்ந்து உட்கார வைத்துப் பிள்ளையை மறுபடியும் வைத்தோம். நாலைந்து முயற்சிக்குப் பிறகு ‘களக், களக்’ என்று முழுங்குகிற சத்தம் கேட்டது. ஆச்சிக்கும் கேட்டது. “அடி ஆத்தி, குடிக்கானே!” என்றார். பால் முதலிலிருந்தே இருந்தது. பிள்ளை பிடித்த விதம்தான் தப்பு.

சரியான விதம் எது? பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளையின் மூக்குக்கு நேரே காம்பு வரும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டைத் தொட்டால் பிள்ளை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள்; மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டு போகாதீர்கள், முதுகு போய்விடும். நன்றாகப் பிடித்திருந்தால் நாடி மார்பில் தொட்டுக்கொண்டிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் கூடுதலாகத் தெரியும். வலித்துக்கொண்டே இருந்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டு விரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடியும் வையுங்கள். பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை.

வெடித்த காம்புக்கு, கொடுத்து முடித்ததும் ஒன்றிரண்டு சொட்டுப் பாலையே தடவிக் காற்றாட விடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். பிடிப்பைச் சரிசெய்த பிறகும் வலி விடவில்லை, அல்லது தீப்பட்ட மாதிரி எரிகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் வெள்ளைப் படலம் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு நாக்கு அடியில் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

இரண்டாவது, தட்டையான காம்பு, உள்ளே அமுங்கிய காம்பு. “இவளுக்குக் காம்பே இல்லை” என்று சொல்லி எத்தனையோ பேரை ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை குடிப்பது காம்பில் அல்ல, மார்பில். வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடித்தால் தட்டையான காம்பிலும் குடிக்கும். நன்றாகவே உள்ளே அமுங்கியிருந்தால் அதற்கும் வழி கண்டவர்கள் நம் பக்கத்து மாநிலத்துக்காரர்கள்தான். கர்நாடகத்தில் தாவணகெரே ஜே.ஜே.எம். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் நிர்மலா கேசரியும் அவரோடு இருந்தவர்களும் சாதாரண ஊசி சிரிஞ்சைக் கொண்டே இதைச் சரிசெய்யலாம் என்று காட்டி, 1993இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்கள். 10 மில்லி சிரிஞ்சில் ஊசி மாட்டுகிற முனையை அறுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்டை உருவி, அறுத்த பக்கம் வழியாகத் திருப்பிப் போட வேண்டும். வழவழப்பான மறுமுனையைக் காம்பின்மேல் வைத்து, தண்டை மெதுவாகப் பின்னால் இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்துவிட்டு உடனே பிள்ளையை விட வேண்டும். தாயே தன் கையால், வலிக்காத அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது வேண்டாம். முதல் தடவை நர்ஸம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சில ரூபாய்ச் சாமான்! எந்த ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

மூன்றாவது, பால்கட்டு. பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு கல் மாதிரி ஆகிவிடும். தொட முடியாது. காம்பு இழுபட்டுத் தட்டையாகிவிடுவதால் பிள்ளையாலும் பிடிக்க முடியாது. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிஷம் மெதுவாக அமுக்கிப் பிடியுங்கள். வீக்கம் பின்னால் விலகி வட்டம் இளகும். கொஞ்சம் பாலைப் பீச்சிவிட்டுப் பிள்ளையை வையுங்கள். பீச்சும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். நெஞ்சை நோக்கி அமுக்கு, விரல்களைச் சேர், விடு. இதுதான் முறை. தோலில் வழுக்கிக்கொண்டு போய்க் காம்பைப் பிதுக்கக் கூடாது. கொடுத்து முடித்தபின் குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டால் வீக்கம் வடியும்.

இங்கே மல்லிகைப்பூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை தவறிவிட்டாலோ, பால் மறக்கடிக்க வேண்டுமென்றாலோ மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது தென்னாட்டுப் பழக்கம். இது வெறும் நம்பிக்கையா என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தார்கள். பால் நிறுத்துவதற்கு அப்போது கொடுத்து வந்த மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பூவும் பாலை நிறுத்தியது என்று 1988இல் வெளியிட்டார்கள். நம் பாட்டிமார் விவரம் தெரிந்தவர்கள்தான்! ஆனால் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பால்கட்டினால் வலிக்கிறதே என்று, பால் கொடுக்க வேண்டிய தாய்க்குப் பூவைக் கட்டிவிடாதீர்கள். அது வலியை மட்டும் நிறுத்தாது, பாலையும் நிறுத்திவிடும்.

நாலாவது, கட்டியும் காய்ச்சலும். மார்பில் ஓர் இடம் மட்டும் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வரும். முன்பெல்லாம் நன்றாக வெந்நீர் ஒத்தடம் கொடு, அமுக்கித் தேய், ஒரு சொட்டு விடாமல் பீச்சி எடு என்றுதான் டாக்டர்களும் சொன்னார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்ற சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தேன். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும், தேவைக்கு மேல் பீச்சினால் பால் இன்னும் அதிகமாக ஊறித் தொல்லை கூடும், சூட்டைவிடக் குளிர்ச்சியே நல்லது என்கிறார்கள். ஆகவே பிள்ளைக்கு வழக்கம்போல் கொடுங்கள், ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், ஓய்வெடுங்கள், டாக்டரைக் கேட்டு வலிமாத்திரை போடுங்கள். ஒரு நாளில் தணியவில்லை, அல்லது காய்ச்சல் ஏறுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே கொடுக்கிற மருந்துகளில் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை உண்டு. “காய்ச்சல் பால், பிள்ளைக்கு ஆகாது” என்று நிறுத்திவிட்டால் பால் தேங்கிச் சீழ்க்கட்டி ஆவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும்.

ஐந்தாவது, சிசேரியன் ஆன தாயும், எடை குறைந்த பிள்ளையும். வயிற்றில் தையல் இருக்கும்போது பிள்ளையை மடியில் போட முடியாது. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். இல்லையென்றால், குடத்தை இடுப்பில் இடுக்குகிறோமே, அதுபோல் பிள்ளையைப் பக்கவாட்டில் இடுக்கி, கால்கள் பின்பக்கம் போகும்படி தலையணைமேல் வைத்துக் கொடுக்கலாம். தையலில் படாது. தண்ணீருக்குக் குடம் சுமந்த ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது! சப்பத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீச்சிச் சங்கில், அதாவது பாலாடையில், கொடுங்கள். ரப்பர் பாட்டில் வேண்டாம். நம் வீட்டுச் சங்கைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கழுவுவது சுலபம், வெந்நீரில் கொதிக்க வைப்பதும் சுலபம்.

கடைசியாக, “பால் பத்தலை.” முதல் இரண்டு நாளில் வருகிற சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பிறந்த பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். அதைப் பீச்சிக் கொட்டிவிட்டுச் சேனை என்று சீனித்தண்ணீரையும் தேனையும் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் ஆபத்து. அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். மூத்திரத்தை வைத்து அளங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது பிள்ளை நன்றாக மூத்திரம் போனால், பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டால், பால் போதும் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும், அதுதான் இயல்பு.

கத்திரி வெயிலில் “பிள்ளைக்குத் தொண்டை காயுமே, ரெண்டு சங்கு தண்ணி கொடுத்தா என்ன?” என்று கேட்காத பாட்டி நம் ஊரில் கிடையாது. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை எந்த வெயிலிலும் அது போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, பெற்றவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிறோம். தலைகீழ்! அவள் தாகத்துக்குக் குடிக்கட்டும்; பசிக்குச் சாப்பிடட்டும்.

உண்மையிலேயே பால் குறைவாக உள்ள தாய்மாரும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியில் கொஞ்சம் உள்ளே தங்கிவிடுவது, மார்பில் முன்பு செய்த ஆபரேஷன் என்று பல காரணங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால், மூத்திரம் குறைந்தால், எடை ஏறாவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லி வேறு பால் சேர்த்துக் கொடுப்பது குற்றமல்ல. அந்தத் தாயை யாரும் குறை சொல்லக் கூடாது. ஒரு தாயின் பாலை இன்னொரு பிள்ளைக்குப் பத்திரமாகக் கொடுக்கத் தாய்ப்பால் வங்கிகளும் இருக்கின்றன. 1989இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பித்ததுதான் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி.

வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் பெண்கள் வேலைக்குப் போவது ஆபீஸுக்கு மட்டுமா? தீப்பெட்டி ஆபீஸ், மில், கடலைமிட்டாய்க் கம்பெனி, பருத்தி எடுக்க, மிளகாய் பறிக்க, களை வெட்ட. காலையில் போனால் சாயங்காலம் வரை மார்பு கட்டிக்கொண்டு, சேலை நனைந்து நிற்பாள். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை விட வேண்டும் என்று 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் கம்பெனி நடத்தும் பழைய மாணவர்கள் சிலராவது இருப்பீர்கள். ஒரு சின்ன அறை, ஒரு தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர். இவ்வளவுதான் கேட்கிறேன். 2015இல் பஸ் ஸ்டாண்டுகளில் அரசு பாலூட்டும் அறை திறக்க முடிந்ததென்றால் நம் கம்பெனிகளில் ஏன் முடியாது? வீட்டில் பீச்சி வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: நம் வெயிலுக்கு வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பிரிட்ஜ் இருந்தால் ஒரு நாள் வைக்கலாம்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் தகப்பன் ஆவீர்கள். பால் கொடுக்க உங்களால் முடியாது. ஆனால் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கலாம், முதுகுக்குத் தலையணை கொடுக்கலாம், ஏப்பம் வரப் பிள்ளையைத் தோளில் போடலாம். “பால் இல்லை” என்று யாராவது சொன்னால், “பிள்ளை சரியாப் பிடிச்சிருக்கான்னு பாத்தீங்களா?” என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ஒரு டப்பாவை மிச்சப்படுத்தும். தங்கைகளே, உங்கள் அக்காவோ மதினியோ பிரசவத்துக்கு வந்திருந்தால் இன்றைக்கே வீட்டில் போய்ப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரை வாசலோடு அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டுக் காட்டுங்கள். முதல் வாரம் முக்கியம். அந்த ஏழு நாளும் தாயின் பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் இருந்தால், வலிக்கும் வெடிப்புக்கும் அழுகிற பெண்கள் பெரும்பாலோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் கொடுப்பார்கள்.